அண்ணாமலை முதல் அலைகடல் வரை

நூலுக்கு இலக்கணம் வகுத்த நம் முன்னோர், சூத்திரங்கள் அமையும் முறையை நான்கு உவமைகளால் விளக்கினார்கள். ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்பவை அவை. நன்னூல் பயின்றவர்கள் இவற்றை மறந்திருக்க மாட்டார்கள். ஆறு இடையறாமல் ஓடுகிறது. தவளை நடுவே விட்டுத் தாண்டுகிறது. பருந்து உயரத்திலிருந்தே தனக்கு வேண்டியதைக் கண்டு, நேரே இறங்கி அதனைக் கவர்ந்துகொள்கிறது. அரிமா, அதாவது சிங்கம், செல்லும் வழியில் முன்னும் பின்னும் திரும்பி நோக்குகிறது.

இலக்கணத்துக்குச் சொன்ன இந்த உவமைகளுள் இரண்டு, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கும் நன்கு பொருந்தும். சிறிய விமானம் ஒன்றில் ஏறிச் சென்று, மலைகளையும் கடற்கரையையும் மேலிருந்து படம் பிடிக்கும் கலையே அந்தப் பொருள். அதற்குப் பருந்தின் பார்வை வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே அறிவர். ஆனால் அரிமா நோக்கும் உடன் இருந்தால்தான் அந்தக் கலையால் நாட்டுக்குப் பயன் விளையும் என்பதே நான் சொல்ல வந்தது.

மேலே ஏறிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை மனிதனுக்குப் புதிதன்று. 1802ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகே, பரங்கிமலைப் பக்கத்தில் ஓர் அடிக்கோட்டை அளந்து, நில அளவையைத் தொடங்கினார் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயர். குன்றுகளும் கோபுரங்களுமே அவருக்கு ஏணிகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அவருடைய கனத்த அளவைக் கருவியை ஏற்றும்பொழுது கயிறு அறுந்து, கருவி மோதிப் பழுதுற்றது. நிலத்தை அளக்க மேலே ஏறுவது அந்நாளில் அத்தனை பாடாக இருந்தது.

அதன்பின் ஐம்பது ஆண்டுகள் சென்று, 1858இல், நாடார் என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரத்துக்கு அருகே பலூனில் ஏறிப் படம் எடுத்தார். (நம் நாட்டு நாடார் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்!) 1914இல் மூண்ட முதல் உலகப் போர் இந்தக் கலையைப் போர்க்கருவியாக வளர்த்தது. போர் முடிந்ததும் அது வேறு தொழில்களுக்குப் பயன்பட்டது. 1924இல் பர்மாவில், ஐராவதி ஆற்றின் கழிமுகத்துக் காடுகளை விமானத்திலிருந்து படம்பிடித்து அளந்தார்கள். சேற்றிலும் முதலைகளுக்கு நடுவிலும் ஆண்டுக்கணக்கில் நடந்து செய்யவேண்டிய வேலையை விமானம் வானிலிருந்தே செய்தது.

நாமும் அத்தகைய விமானம் ஒன்றில் மனத்தால் ஏறிக்கொள்வோம். திருவண்ணாமலை நகரத்தின் வடபால், வேலூர்ச் சாலையில் உள்ள வேங்கிக்காலுக்கு மேலே நம் பயணம் தொடங்கட்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் ஊர் அது. ஏரி ஒன்றும் உடைய ஊர். அங்கிருந்து புதுச்சேரிக் கடற்கரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பேருந்தில் சென்றால் சில மணி நேரம் ஓடிவிடும். மணிக்கு 200 கிலோமீட்டர் செல்லும் சிறு விமானத்துக்கு அரைமணி நேரமே போதும்.

படம் எடுக்க விமானம் எப்படிப் பறக்கிறது? உழவன் ஏரோட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வயலின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரு சால். திரும்பி, அதன் அருகே இன்னொரு சால். விமானமும் அவ்வாறே உயரம் மாறாமல், நேர்க்கோடு பிசகாமல் இணைகோடுகளாகப் பறக்கிறது. அதன் அடிப்பகுதியில், தரையைச் செங்குத்தாக நோக்கியபடி படப்பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். ஒரு படத்தில் விழுந்த நிலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு அடுத்த படத்திலும் விழவேண்டும். பக்கத்துச் சாலின் படத்தோடும் நூற்றுக்கு முப்பது பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும். இது வீண் செலவு போலத் தோன்றும். ஆனால் இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நமக்கு இரண்டு கண்கள் இருப்பதனால் அன்றோ அருகில் இருப்பதையும் தொலைவில் இருப்பதையும் பிரித்தறிகிறோம்? ஒரே இடத்தை இரண்டு நிலைகளிலிருந்து எடுத்த இரு படங்களை, இரட்டை வில்லைகள் பொருத்திய கருவியின்கீழ் வைத்துப் பார்த்தால், தட்டையான தாளிலிருந்து மலை எழுந்து நிற்கும். பள்ளம் குழிந்து கிடக்கும்.

சிறிது கணக்கும் பார்ப்போம். இத்தகைய படப்பெட்டியின் வில்லைக்குக் குவியத் தூரம் பெரும்பாலும் 6 அங்குலம், அதாவது 152 மில்லிமீட்டர். தரைக்கு மேல் 10,000 அடி உயரத்தில் பறந்தால், நிலத்தின் அளவு இருபதினாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப் படத்தில் விழும். படத்தின் பக்கம் 9 அங்குலம், ஏறக்குறைய 23 சென்டிமீட்டர், அதில் 4.6 கிலோமீட்டர் நிலம் அடங்கும். கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர் என்பதை நாம் அறிவோம். அதனை ஒரு வட்டம் என்று கொண்டால் குறுக்களவு நாலரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகும். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் மணிக்கணக்காக நடந்து சுற்றும் மலை, ஒரே படத்துக்குள் அடங்கிவிடுகிறது! விமானம் 33 விநாடிக்கு ஒருமுறை இத்தகைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டே செல்லும்.

மலையின் உச்சி, சுற்றியுள்ள சமவெளியைக் காட்டிலும் ஏறத்தாழ 2,000 அடி உயர்ந்தது. ஆதலால் அது படப்பெட்டிக்கு அருகில் இருக்கிறது. அங்கே அளவு பதினாறாயிரத்தில் ஒன்று. ஒரே தாளில் உச்சிக்கு ஓர் அளவு, அடிவாரத்துக்கு ஓர் அளவு. எனவே விமானப் படத்தை அப்படியே நிலப்படமாகக் கொள்ள இயலாது, திருத்தியே கொள்ளவேண்டும். இன்னொரு விந்தையும் உண்டு. உச்சியைப் படத்தின் நடுவில் வைத்து எடுத்தால், கோயில் மையத்திலிருந்து 3 அங்குலத் தொலைவில் தென்கிழக்கே விழும். அப்பொழுது 217 அடி உயரமுள்ள ராஜகோபுரம் நேரே நிற்பதாகத் தெரியாது. மலையை விட்டு விலகி வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பதுபோலத் தெரியும். அந்தச் சாய்வின் நீளம் ஒன்றே முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தச் சிறு நீளத்தை அளந்தே, கோபுரத்தின்மேல் ஏறாமல் அதன் உயரத்தைக் கணித்துவிடலாம். லாம்ப்டன் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அளப்பதோடு வேலை முடிவதில்லை. படத்தைப் படிக்கவும் தெரியவேண்டும். நிறத்தின் அழுத்தம், வடிவம், நிழல், பரப்பின் மென்மை, எது எதன் அருகே இருக்கிறது என்ற தொடர்பு, இவையே அதன் எழுத்துக்கள். வேங்கிக்கால் போன்ற ஊர்களின் மேலே பறக்கும்பொழுது முதலில் கண்ணில் படுவன ஏரிகள். கரை, வளைத்த வில்லைப்போலத் தாழ்ந்த பக்கத்தில் கிடக்கும். நீர்ப்பரப்பு, மேட்டுப் பக்கம் நோக்கிக் கைகளை விரித்தாற்போலப் பரந்திருக்கும். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் வரத்துக்கால்களாகி அதில் வந்து சேரும். ஓர் ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்த நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். தரையில் நிற்பவனுக்குத் தன் ஊர் ஏரி ஒன்றுதான் தெரியும். மேலிருந்து பார்ப்பவனுக்கு, ஒரு நூலில் கோத்த மணிகளைப்போல ஏரிகளின் வரிசை முழுவதும் தெரியும். நூல் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்பதும் தெரியும்.

இங்கேதான் அரிமா நோக்குக்கு வேலை வருகிறது. இன்று எடுத்த படத்தில், வில்போல வளைந்த தெரு ஒன்று காணப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நேராகப் போகும் மற்றத் தெருக்களுக்கு நடுவே இது ஏன் வளைந்து செல்கிறது? அந்தப் படம் ஒன்றை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. அதே இடத்தை ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தை அருகே வைத்தால், அது பழைய ஏரிக்கரையா அன்றா என்பது விளங்கிவிடும். ஒரு படம் காட்சி. இரண்டு படங்கள் சாட்சி. அண்ணாமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் எடுத்த படங்களில் அது பெரும்பாலும் மொட்டைப் பாறையாகக் காட்சி அளிக்கிறது. பின்னர் மரம் நட்டுத் தீயைத் தடுத்துப் பாடுபட்டவர்களின் உழைப்பால் பசுமை திரும்பியிருக்கிறது. மாற்றம் என்றால் கேடு என்பதே பொருள் அன்று. நன்மைக்கும் படங்கள் சாட்சி சொல்லும்.

கிழக்கே திரும்புவோம். சிறிது நேரத்தில் செஞ்சி வந்துவிடுகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதில், தரையில் நிற்பவனுக்குக் கற்சுவராகத்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால் அது ஒரு பெரிய முக்கோணம். அந்தக் கோட்டையை வகுத்தவர்கள் விமானத்தில் ஏறியவர்கள் அல்லர். ஆனால் பருந்தின் பார்வை அவர்களுடைய மனத்தில் இருந்திருக்கிறது. மராட்டியரின் போர்க்கோட்டைகள் வரிசையில் செஞ்சியும் 2025ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

இதோ, கடல். மலைமேல் படமெடுக்கும் தொல்லை வேறு; கடற்கரையில் படமெடுக்கும் தொல்லை வேறு. மலைமேல் காற்று விமானத்தைக் குலுக்கும். பள்ளத்தாக்கில் நிழல் மறைக்கும். கடற்கரையில் உப்பு மூட்டம் படத்தை மங்கச் செய்யும். கதிரவனின் ஒளி நீரில் பட்டுத் தெறித்து வில்லையைக் கூசச் செய்யும். மேலும் கடலோரம் என்பது அசையாத கோடும் அன்று. அலையேற்றம், இறக்கம் இவற்றுக்குத் தக்கபடி அது நகர்ந்துகொண்டே இருக்கும். எனவே எந்த நாளில், எத்தனை மணிக்கு எடுத்த படம் என்ற குறிப்பு இல்லாவிடில், கடற்கரைப் படத்தின் மதிப்புப் பாதியாகக் குறைந்துவிடும்.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓயாது பயணம் செய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அதனை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குக் காற்றுக் காலத்தில் ஒரு பங்கு தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே செல்வதே மிகுதி. இந்தப் பயணத்தின் குறுக்கே கற்சுவர் ஒன்றைக் கடலுக்குள் நீட்டினால் என்ன ஆகும்? சுவரின் தெற்கே மணல் குவியும்; வடக்கே கரை அரிக்கும். சென்ற நூற்றாண்டுக்கு முந்தியதில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டியபொழுது இதுவே நிகழ்ந்தது. தெற்கே மெரீனாவின் மணல் அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கத்தில் கடல் ஊருக்குள் புகுந்தது. 1980களின் இறுதியில் புதுச்சேரியில் துறைமுகம் அமைத்தபொழுதும் அதே கதைதான். நகரத்தின் முன்னிருந்த மணற்கரை தேய்ந்து, கருங்கற்கள் மட்டும் எஞ்சின. பிற்பாடு, தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வகுத்த முறைப்படி கடலடியில் தடுப்பு ஒன்றை அமைத்து, மணலில் ஒரு பகுதியை மீட்டார்கள். தரையில் நிற்கும் மீனவர் தம் குப்பத்தில் கரை கரைவதை மட்டும் காண்கிறார். அதன் காரணம் எத்தனையோ கல் தெற்கே இருக்கிறது. காரணத்தையும் விளைவையும் ஒரே தாளில் காட்டுவது விமானப் படம்.

கரையோரமாகத் தெற்கே சென்றால் கடலூர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இந்தக் கரையைத் தாக்கியது. அதற்கு முன்னும் பின்னும் வானிலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வுக் குழு 2005இல் தன் முடிவை வெளியிட்டது. அடர்ந்த மரங்களுக்குப் பின்னே இருந்த ஊர்கள் குறைவாகவே சேதமுற்றன என்பது அந்த முடிவு. இன்னும் தெற்கே பிச்சாவரம். முன்னாளில் காட்டை அடியோடு வெட்டிய இடங்களில் மண் குழிந்து, நீர் தேங்கி, உப்பேறிப் போயிற்று. 1990களில் வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கே வாய்க்கால்களை வெட்டி, கடல்நீர் வந்து போக வழி செய்தன. மேலிருந்து பார்த்தால் அந்த வாய்க்கால்கள் மீன்முள் வடிவில் தெரியும். அவற்றின் இருபுறமும் பசுமை தழைத்திருப்பதும் தெரியும்.

பசுமை என்றதும் ஒரு பெரியவரை நினைக்கவேண்டும். கொல்லங்கோட்டில் 1909இல் பிறந்தவர் பிஷாரோட்டி. சர் சி. வி. ராமனிடம் பயின்ற வானிலை விஞ்ஞானி. கேரளத்துத் தென்னைகளை வேர்வாடல் நோய் அழித்துவந்த காலத்தில், 1970இல், அவருடைய குழுவினர் ஹெலிகாப்டரில் ஏறி, அகச்சிவப்பு ஒளியைப் பதியும் வண்ணப் படச்சுருளில் தோப்புகளைப் படம் பிடித்தார்கள். நலமுள்ள இலை அந்த ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நோயுற்ற இலை குறைவாக அனுப்பும். கண்ணுக்கு இரண்டும் பச்சையே. படத்திலோ ஒன்று நல்ல சிவப்பு, மற்றொன்று மங்கல். தென்னந்தோப்பில் தொடங்கிய அந்த முயற்சியின் வழியிலேதான் 1988 மார்ச் 17ஆம் நாள் ஐ.ஆர்.எஸ். 1ஏ என்ற நம்முடைய தொலையுணர்வுச் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது.

இனி, மலை நோக்கித் திரும்புவோம். கடலூரில் கடலோடு கலக்கும் தென்பெண்ணையின் போக்கிலேயே மேற்கே சென்றால், திருக்கோவலூரைக் கடந்து சாத்தனூர் அணையை அடையலாம். மலையும் கடலும் தனித்தனி உலகங்கள் அல்ல என்பதை 2024ஆம் ஆண்டு நமக்குக் கொடுமையான முறையில் கற்பித்தது. நவம்பர் 30ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடலில் பிறந்த மேகம் மலைநாட்டில் வந்து கொட்டியது. டிசம்பர் 1ஆம் நாள் மாலை, அண்ணாமலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடின. ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிறு குழந்தைகளும் இருந்தனர். மறுநாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது; அந்த வெள்ளம் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களை மூழ்கடித்துக்கொண்டு கடலை நோக்கிச் சென்றது. கடல் மலைக்கு அனுப்பியதை, மலை கடலுக்குத் திருப்பி அனுப்பியது. நடுவில் அகப்பட்டவர்கள் மக்கள்.

விமானப் படம் இருந்திருந்தால் இந்தச் சரிவைத் தடுத்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. மழையைத் தாளால் தடுக்க முடியாது. ஆனால் மலைச்சரிவு ஒன்றைப் பல ஆண்டுகளின் படங்களில் வரிசையாகப் பார்த்தால் சில செய்திகள் தெரியவரும். நீர் இறங்கும் தடங்கள் எவை, அவற்றுள் ஆண்டுதோறும் ஆழமாகிவருவன எவை, மரம் செடி இல்லாமல் வெளுத்துக் கிடக்கும் பட்டைகள் எங்கே, உருண்டுவந்த பாறைகள் முன்பு எந்த இடத்தில் தங்கியிருக்கின்றன, அந்தத் தடத்தின் வாயில் வீடுகள் எந்த ஆண்டில் வந்தன, இவை அனைத்தும் தெரியவரும். தெரிந்தபின் செய்யவேண்டியது மனிதர் கையில் இருக்கிறது. வீடு கட்ட வேறு இடம் இல்லாத ஏழைக்கு, “இங்கே கட்டாதே” என்று சொன்னால் மட்டும் போதாது. “அங்கே கட்டிக்கொள்” என்று ஓர் இடத்தையும் காட்டவேண்டும். அந்த இடம் எது என்று காட்டவும் அதே படம் பயன்படும்.

இத்தனை பயனுள்ள படங்களை நெடுங்காலம் பொதுமக்கள் காண இயலாமல் இருந்தது. 1937ஆம் ஆண்டின் விமான விதிகள், அரசின் அனுமதி இன்றி விமானத்திலிருந்து படம் எடுப்பதைத் தடுத்தன. எடுத்த படங்களும் பாதுகாப்புக் கருதிப் பூட்டிவைக்கப்பட்டன. எல்லைப்புறத்தை எண்ணிச் செய்த ஏற்பாட்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும் ஊர் ஏரியின் படம் ஊராருக்கே எட்டாமற்போயிற்று. காலம் மாறிவிட்டது. 2009இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ‘புவன்’ என்ற பெயரில் செயற்கைக்கோள் படங்களை யாவரும் காணத் திறந்துவைத்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு, நிலப்படங்களும் நில விவரங்களும் பற்றிய கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தியது. அதே ஆண்டு ஆளில்லாச் சிறு விமானங்களுக்கு, ‘டிரோன்’ என்று சொல்லுகிறோமே, அவற்றுக்கும் புதிய விதிகள் வந்தன. திருமண வீட்டில்கூட இன்று டிரோன் பறக்கிறது. பருந்தின் பார்வை இவ்வாறு எளிதாகிவிட்டது.

அரிமா நோக்குத்தான் இன்னும் அரிதாக இருக்கிறது. படம் எடுக்கிறோம், அழகு என்று வியக்கிறோம், மறந்துவிடுகிறோம். அடுத்த ஆண்டு அதே இடத்தை, அதே உயரத்திலிருந்து, அதே பருவத்தில் எடுத்து அருகருகே வைத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? பெரிய செலவு இதற்கு வேண்டியதில்லை. மழைக்காலம் கழிந்து வானம் தெளிந்திருக்கும் தை, மாசி மாதங்களில், ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வோர் ஊரின் ஏரியையும் வரத்துக்காலையும் குன்றையும் படமெடுத்து, நாளும் நேரமும் குறித்து, ஊராட்சி மன்றத்தின் சுவரில் மாட்டிவைத்தால் போதும். பள்ளிச் சிறுவர்கள் வந்து பார்க்கட்டும். தம் வீடு எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று தேடட்டும். சென்ற ஆண்டு இருந்த ஓடையை இந்த ஆண்டு காணோமே என்று ஒரு சிறுமி கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு ஊர்ப் பெரியவர்கள் விடை சொல்லியாகவேண்டும்.

நிலம் பேசாது, ஆனால் தன்மேல் நடந்த அனைத்தையும் தன் மேனியிலேயே எழுதி வைத்துக்கொள்கிறது. மழை எழுதுகிறது, அலை எழுதுகிறது, மனிதனும் எழுதுகிறான். அந்த எழுத்தைப் படிக்கச் சிறிது உயரம் வேண்டும். அதன் பொருளை உணரச் சிறிது காலமும் வேண்டும். உயரத்தை விமானம் தந்துவிட்டது. முன்னும் பின்னும் திரும்பிப் பார்க்கும் பொறுமையை நாம்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.